கற்பனைக் குடிக்கு ஒரு கொடி

நான்கைந்து இளைஞர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கின்றனர். ஒருவர் கதையை நடத்துகின்றார். ஏனையோர் அக்கதையில் வரும் மாந்தராகத் தம்மைப் பாவித்து, அவர்தம் வாயாற் பேசுகின்றனர். வீசிய வாள் பலித்ததா, புயலில் பாய்மரம் முறிந்ததா என்பனவற்றைத் தாயக்கட்டை உருண்டு தீர்க்கின்றது. 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ‘டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்னும் பெயருடன் வெளிவந்த விளையாட்டிலிருந்து உலகெங்கும் பரவிய பொழுதுபோக்கு இது. மேனாட்டுச் சரக்கு என்று இதனைத் தள்ளிவிடுதல் எமக்கு உடன்பாடன்று. விடிய விடிய வட்டக்களரியில் வேற்றாளாகி நின்று ஆடிய கூத்தர் வழியில் வந்தவர்க்கு, வேடம் பூணுதல் புதிதும் அன்று, இழிவும் அன்று.

இவ்விளையாட்டில் ஈடுபடும் மாணவர் பலர் தத்தம் பாத்திரத்திற்குப் பெயரும் ஊரும் வைத்த பின்னர், குலச்சின்னம் ஒன்றும் விருதுவாக்கு ஒன்றும் அமைத்துக்கொள்கின்றனர். இன்ன குடியில் வந்தவன், இன்ன கொடியை உடையவன், இன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டவன் என்று ஆகிவிட்டால் வெறும் பெயர் ஓர் ஆளாகி எழுந்து நிற்கின்றது. திருகோணமலைத் துறைமுகத்தையே களனாகக் கொண்ட கதைக்கு வரையப்பட்ட சில சின்னங்களை அண்மையிற் கண்டோம். ஒன்றில், பின்னங்காலில் நிற்கும் சிங்கம். மற்றொன்றில், குறுக்கிட்ட இரு வாள்களின்மேற் கழுகு. அடியில் இலத்தீன் மொழியில் ஒரு வாசகம். வரைந்த கை நல்ல கை. ஆயினும், அக்கொடியைத் தாங்குபவன் திருகோணமலையில் ஒரு நாளேனும் கடற்காற்றைச் சுவாசித்தவனாகத் தோன்றவில்லை.

மேனாட்டார் இக்கலையைக் கற்ற வரலாறு சுவையானது. பன்னிரண்டாம் நூற்றாண்டளவில், தலைமுதற் கால்வரை இரும்பிற் புதைந்து போருக்குச் சென்ற வீரரை அவர்தம் நண்பரும் அடையாளம் காணமுடியாது போயிற்று. ஆகவே கேடயத்தில் வண்ணக் குறிகள் தீட்டலாயினர். அக்குறிகள் தந்தையிடமிருந்து மைந்தனுக்கு வந்து குலச்சின்னங்களாயின. அவர்கள் வகுத்த விதிகளுள் ஒன்று நாமும் கைக்கொள்ளத்தக்கது. பொன்னிறமும் வெண்ணிறமும் ஓரினம். சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை முதலியன மற்றோரினம். ஓரின நிறத்தின்மேல் அதே இன நிறத்தை வைத்தல் ஆகாது. மஞ்சளின்மேல் வெள்ளையும் கறுப்பின்மேல் நீலமும் தொலைவிலே மறைந்துவிடும் என்பதே காரணம். கடற்கரையில் நின்று, உட்துறைமுகத்தில் நங்கூரமிட்டிருக்கும் கப்பலின் கொடியை ஒருமுறை நோக்கினால் இவ்விதியின் அருமை விளங்கும்.

இவ்விதிகளை எல்லாம் அறிந்த நாட்டிலேயே அழகற்ற சின்னங்களும் தோன்றியுள்ளன. ஆங்கிலக் கடற்றளபதி நெல்சன், இளமையில் ‘சீஹோர்ஸ்’ என்னும் கப்பலில் கீழைக்கடலிற் பணிபுரிந்த காலத்தே எமது துறைமுகத்தைக் கண்டவர். 1798ஆம் ஆண்டு நைல் நதிமுகத்துப் போரில் அவர் வென்றதன் பின்னர் அவருடைய சின்னத்தில் ஒரு பனையினமரம், சிதைந்த கப்பல், இடிந்த பீரங்கிமேடை ஆகிய மூன்றும் கடலலையின்மீது சேர்க்கப்பட்டன. அது சின்னமாக இல்லை; சுவரிலே மாட்டும் சித்திரமாக இருந்தது. ஆயின், அவருக்கு வாய்த்த இலத்தீன் விருதுவாக்கு நன்று. வெற்றியோலையை உழைத்து ஈட்டியவனே தாங்கட்டும் என்பது அதன் பொருள். உரிமை கொண்டாடுவோனைப் பார்த்து ‘நீ ஈட்டினாயா?’ என்று கேட்கும் வாக்கு அது.

இனி எமது ஊருக்கு வருவோம். பிரெட்ரிக் கோட்டையின் வாயிலைக் கடந்து கோணேசர் கோயிலுக்குச் செல்வோர் பலரும் கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்களைக் கண்டு மகிழ்வர். வாயிற் கல்லை நின்று நோக்குவோர் சிலரே. அங்கே இணைக்கயல் பொறிக்கப்பட்டிருக்கின்றது. அயலிலே சிதைந்த தமிழ் எழுத்துக்களும் உள்ளன. கயல் பாண்டியர் இலச்சினை என்பது பள்ளிப்பிள்ளைகளும் அறிந்ததே. சடையவர்மன் வீரபாண்டியன் பதின்மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஈழத்தின்மேற் படைநடத்தி, கோணமலையிலே இருகயல் நாட்டியதைப் புதுக்கோட்டைப் பக்கத்துக் குடுமியான்மலைக் கல்வெட்டுக் கூறுகின்றது. இரண்டு மீன்கள், அவ்வளவே. கற்றச்சன் ஒருவன் அரைநாளிற் செதுக்கிவிடலாம். எழுத்தறியாத பரதவனும் படகிலிருந்து பார்த்து இன்னாருடையது என்று சொல்லிவிடலாம். அதனை நாட்டியவன் சொல்ல விரும்பிய செய்தியும் அத்துணை எளியது: ‘இது என்னுடையது.’

பின் வந்த கதையை அறிந்தவர்க்கு அவ்விரு மீன்களும் வேறு பேசும். போர்த்துக்கேயர் 1620களில் கோணேசர் கோயிலை இடித்து அதன் கற்களைக் கொண்டே கோட்டையைக் கட்டினர். குளக்கோட்டன் முன்னர் இயற்றிய திருப்பணியைப் பின்னர்ப் பறங்கியர் சிதைப்பர் என்று அவ்வாயிற் கல்வெட்டு முன்னுரைப்பதாக வழிவழியாகச் சொல்லப்படுகின்றது. 1639இல் ஒல்லாந்தர் கோட்டையைக் கைப்பற்றினர். 1795இல் ஆங்கிலேயர் வந்தனர். 1803இல் தம் அரசிளங்குமரர் ஒருவரின் பெயரை அதற்குச் சூட்டினர். உடையவர் இத்தனை பேர் மாறியும் கயல் அகலவில்லை. ‘என்னுடையது’ என்று ஒருவன் முழங்கிய குறி, ‘இங்கே ஒரு காலம் இருந்தது’ என்று மெல்லச் சொல்லும் குறியாயிற்று. கற்பனைக் குடிக்குச் சின்னம் வரைவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அக்குடியின் முன்னோன் என்ன கருதி அதனை நாட்டினான், இன்று அதனைக் காண்போர் என்ன கருதுகின்றனர் என்ற இரண்டுக்கும் இடையிலேதான் கதை பிறக்கின்றது.

பிறர் எமக்குச் செய்த சின்னமும் ஒன்றுண்டு. 1817ஆம் ஆண்டு பம்பாயில் தேக்குமரத்தாற் கட்டப்பட்டு வெள்ளோட்டம் விடப்பட்ட ஆங்கிலப் போர்க்கப்பல் ஒன்றுக்குத் திருகோணமலை என்றே பெயர். இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் அது இன்றும் பேணப்பட்டு வருகின்றது. அதன் முகப்பிலே தலைப்பாகை அணிந்த ஆடவன் ஒருவனின் மரச்சிலை இருக்கின்றது. எமது ஊரின் முகம் இப்படித்தான் இருக்கும் என்று எவரோ கருதிச் செதுக்கியது! நம்மவர் தம் முகத்தைத் தாமே வரையாதுவிட்டால் பிறர் வரைந்து தருவர். தலைப்பாகையும் இலவசமாகக் கிடைக்கும்.

தமிழில் இக்கலைக்குப் பஞ்சமில்லை. சேரர்க்கு வில்லும் பனம்பூவும், சோழர்க்குப் புலியும் ஆத்தியும், பாண்டியர்க்குக் கயலும் வேம்பும் உரியன. கொடி போர்க்களத்திற் பறந்தது. பூ தலையிலே இருந்தது. அப்பூவைக் கொண்டே புலவர் ஒருவர் ஒரு முற்றுகையைக் கண்டித்துப் பேசிய செய்தி புறநானூற்றில் உண்டு. உறையூர்க் கோட்டையினுள்ளே நெடுங்கிள்ளி அடைந்துகிடக்க, நலங்கிள்ளி வெளியே முற்றியிருந்தான். இருவரும் சோழரே. கோவூர் கிழார் அவர்களை நோக்கி, உன்னை எதிர்ப்பவன் பனம்பூச் சூடியவன் அல்லன், வேம்பின் மாலை அணிந்தவனும் அல்லன். உன் கண்ணியும் ஆத்தி, அவன் கண்ணியும் ஆத்தி என்று கூறினார். ஒருவர் தோற்பினும் தோற்பது உங்கள் குடியே. இருவரும் வெல்லுதலோ இயலாது. இக்கருத்தையே அவர் எடுத்துரைத்தார். நூறு நீதிகளை அடுக்கவில்லை. சூடியிருந்த பூவைச் சுட்டிக்காட்டினார், அது போதுமாயிற்று.

எமது கருத்தில், குலச்சின்னத்தின் உயிர் இதிலேதான் இருக்கின்றது. அதனை அணிந்தவனைப் பார்த்து, ‘இதனை அணிந்துகொண்டா இவ்வாறு செய்தாய்?’ என்று பிறர் கேட்க இடமிருத்தல் வேண்டும். கேட்க இடமில்லாத சின்னம் சட்டைப் பொத்தான் போன்றது, பளபளக்கும், அவ்வளவே. சிங்கமும் இரு வாளும் கொண்டவனைப் பார்த்து எவர் என்ன கேட்பது? அவன் சண்டையிட்டாலும் பொருந்தும், ஓடினாலும் ‘சிங்கம் பதுங்கியது’ என்று சொல்லிவிடுவான்.

சுவாமிமலையில் இராவணன் வெட்டைக் காட்டாது எந்தத் திருகோணமலையாரும் விருந்தினரை அனுப்புவதில்லை. அந்த இராவணனுக்குத் தமிழ் மரபு தந்த கொடி யாது? பத்துத் தலையும் இருபது தோளும் படைத்தவன் சிங்கத்தையும் கழுகையும் தேடிப் போகவில்லை. அவன் கொடியிலே பறந்தது வீணை. மலையின் கீழ் நசுங்கிய வேளையில் இசைபாடி இறைவனை உருக்கியவன் என்ற கதையை அது நினைவூட்டுகின்றது. அவன் செய்த பிழையை அக்கொடியே உரத்துச் சொல்லவும் செய்கின்றது. இசையறிந்தவன் அது செய்யலாமா என்ற கேள்வியைக் கம்பு நுனியிற் கட்டிக்கொண்டே அவன் போருக்குப் போனான் அன்றோ! கதைப்பாத்திரத்திற்கு அமைந்த கொடிகளுள் இதனினும் சிறந்த ஒன்றை நாம் அறியோம்.

அரசர்க்கே கொடி உண்டு, ஏழைக் குடிகளுக்கு இல்லை என்று எண்ணுதலும் தவறு. கிழக்கிலங்கையில் மாடு வளர்ப்போர் தத்தம் மாடுகளுக்கு இரும்பைக் காய்ச்சிக் குறிசுடும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வந்திருக்கின்றது. பெயரெழுத்து ஒன்று, அதனோடு குடிக்குரிய குறியும் இருந்ததுண்டு. காட்டில் மேய்ந்து ஊர்மாறிப் போன பசுவை அக்குறியே வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. சுடப்படும் குறியில் நுணுக்க வேலைப்பாடு கூடாது. மயிரும் தோலும் கருகினால் எல்லாம் ஒன்றாகிவிடும். மூன்று நான்கு கோடுகளில் முடிந்தாக வேண்டும். தாம் வரைந்த சின்னத்தை இரும்புக் கம்பியால் வளைக்க இயலுமா என்று இளைஞர் தம்மைத் தாமே வினவிக்கொள்வாராக. இயலாதெனில் பாதியை அழித்துவிடலாம்.

விருதுவாக்குப் பற்றிச் சில சொல்வோம். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளின் காசுகளிலே படுத்திருக்கும் நந்தியின் உருவமும், அதனோடு ‘சேது’ என்ற சொல்லும் காணப்படுகின்றன. கேகாலைப் பகுதியில் கொட்டகமவிற் கிடைத்த அவர்களுடைய தமிழ்க் கல்வெட்டும் அச்சொல்லோடுதான் தொடங்குகின்றது. இரண்டே எழுத்து. தாம் வீரர் என்றோ, பகைவரை அழிப்போர் என்றோ அது பேசவில்லை. தாம் காப்பது இன்னது என்று ஓர் இடத்தின் பெயரைச் சொல்லிவிட்டு நின்றுவிடுகின்றது. காவாது விட்டால் அச்சொல்லே அவர்களைப் பழிக்கும். ‘வீரமே துணை’, ‘வெற்றி எமதே’ முதலிய வாக்குகள் இந்தத் தரத்தை எட்டா. அவற்றை மீறுதல் எப்படி என்று எவருக்கும் தெரியாது. மீறமுடியாத வாக்கினால் ஆடுவோனுக்கு ஆவது ஒன்றுமில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இவ்வூரிலே கொடி எப்பொழுதும் விளையாட்டுப் பொருளாக இருந்ததில்லை. 1957ஆம் ஆண்டு பெப்ரவரி 4ஆம் திகதி, சுதந்திர தினத்தன்று, கறுப்புக் கொடி ஏற்ற முற்பட்ட நடராசன் என்னும் இளைஞர் திருகோணமலையிலே சுடப்பட்டு உயிர் துறந்தார். அவ்வாண்டு ஒக்டோபரில் பிரித்தானியக் கடற்படை தன் கொடியை இறக்கித் தளத்தை இலங்கை அரசிடம் கையளித்தது. அதன் பின்னர் வந்த பதின்ம ஆண்டுகளில் கொடிகளின் பேரால் இம்மாவட்டம் பட்ட துயரை மூத்தோர் அறிவர். இன்று ஒரே மேசையைச் சுற்றித் தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் சிங்களப் பிள்ளையும் அமர்தல் கூடும், அமர்ந்தால் நன்று. ஆதலின், உயிருள்ள கொடி எதனையும் அம்மேசைக்குக் கொண்டுவருதல் வேண்டா என்பது எமது எண்ணம். புலியும் சிங்கமும் சிறிது ஓய்வு கொள்ளட்டும். அயலிலிருக்கும் தோழன் கண்டு முகந்தாழ்த்தாத புதுக்குறி ஒன்றைத் துறைமுகத்திலேயே தேடலாம்.

எம்மைக் கேட்டால், மீகாமன் குடி ஒன்றைப் படைப்போம். கப்பலை ஆழமான வழியறிந்து உள்ளே கொண்டுவருபவனே மீகாமன். பழைய நூல்களில் வழங்கும் நல்ல சொல். எமது துறைமுகம் பெருங்கப்பல்கள் நுழையத்தக்க ஆழமுடையது. எனினும் அதன் வாயிலில் முனைகளும் தீவுகளும் பாறைகளும் உண்டு. இத்தகைய துறைகளிலே இரவில் வழிகாட்ட ஓர் உபாயம் உண்டு. கரையில் இரண்டு விளக்குகளை நிறுத்துவர். ஒன்று முன்னே தாழ, மற்றொன்று பின்னே உயர. கடலிலிருந்து நோக்குவோனுக்கு இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக நேர்கோட்டில் தோன்றுமாயின் அவன் கலம் நல்வழியிற் செல்கின்றது. மேல்விளக்கு வலப்புறம் விலகித் தோன்றினால் கலம் வலப்புறம் ஒதுங்கிவிட்டது என்று அறிந்து, அவ்விளக்கு விலகிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கமே திருப்புவான். சொல்லின்றி, எழுத்தின்றி, எந்நாட்டு மாலுமிக்கும் விளங்கும் மொழி அது.

அக்குடியின் கொடி: கறுப்புத் துணியிலே மேலும் கீழுமாக இரண்டு மஞ்சள் வட்டங்கள். நிறவிதிக்குப் பொருந்தும், கம்பியால் வளைக்கலாம், சிறுபிள்ளையும் மணலிலே விரலால் வரைந்துவிடும். வாயிற் கல்லின் இணைக்கயலைப் போல இதுவும் இரண்டு.

விருதுவாக்கு: ‘வந்த கலம் எம் கலம்’. எவருடைய கப்பலாயினும் எம் துறைமுகம் நாடி வந்துவிட்டால் அது எமது பொறுப்பு என்பது அக்குடியின் மூத்தோன் கருதிய பொருள். ஆயின், வாசகர் கூர்ந்து நோக்கின் இவ்வாக்குக்கு வேறொரு பொருளும் உண்டு. வந்ததெல்லாம் எமக்கே சொந்தம் என்றும் கொள்ளலாம் அன்றோ? இஃது எதிர்பாராது நேர்ந்ததன்று, வேண்டுமென்றே வைத்தோம். பாறையில் மோதிய கப்பலின் பொருளைக் கரையோரத்தார் அள்ளிச் செல்லுதல் உலகின் பல கடற்கரைகளில் நிகழ்ந்ததே. அக்குடியில் பாட்டன் ஒருவன் வாக்கை அவ்வாறு படித்துப் பொருள் குவித்தான் என்று வைத்துக்கொள்க. வீட்டிலுள்ள பழைய சீனப் பீங்கான்களைப் பற்றி எவரும் பேசுவதில்லை. பேர்த்தி அவ்வாக்கை எவ்வாறு படிக்கப் போகின்றாள்? அப்பெண்ணே எமது கதைநாயகி. அவளுக்கு வாள் வேண்டியதில்லை. இரண்டு விளக்கும் எண்ணெய்க் கலயமும் போதும்.

கதை நடத்துபவர்க்கு ஒரு வார்த்தை. சின்னத்தைப் படைத்தபின் அதனைச் சுவரில் மாட்டிவிட்டு மறந்துவிடலாகாது. கூத்தில் கட்டியகாரன் அரசன் வருமுன் அவன் புகழைக் கூறிவிட்டுப் போகின்றான். விடியுமுன் அப்புகழுக்கு எப்படியும் சோதனை வந்துவிடும். இங்கும் அவ்வாறே செய்க. வாடைக்காற்று வீசும் மார்கழி இரவு ஒன்றை அமைத்து, மழையிலே துறைமுக வாயிலில் ஒரு கப்பலைக் கொண்டுவந்து நிறுத்துக. அவளுடைய தமையனைக் கொன்று, அயற்கிராமத்தைத் தீக்கிரையாக்கிச் சென்றவர்களின் கப்பல் அது. பாய் கிழிந்து திரும்பி வருகின்றது. உள்ளே பகைவரும் உளர். அவர்கள் பிடித்துச் சென்ற ஊரவரும் உளர். அவள் விளக்கை ஏற்றலாம், ஏற்றாதும் விடலாம். மூன்றாவது வழியும் உண்டு: பின்விளக்கைச் சில பாகம் அப்பால் நகர்த்தி வைத்தால், மாலுமி நேர்கோடு என்று நம்பிப் பாறைக்கே கலத்தைச் செலுத்துவான். பாட்டன் செய்தது அதுவேதான் என்பதை அவ்விரவிலே அவள் அறியட்டும்.

அவ்வேளையில் மேசையிலிருக்கும் தாயக்கட்டைகளை எடுத்து உறையிலிட்டுக் கட்டிவிடுக. கப்பல் பாறையைத் தப்புமா என்பதற்குக் கட்டை உருட்டலாம். விளக்கு எங்கே நிற்கும் என்பதற்கு உருட்டலாகாது. அதனை ஆடுபவரே வாய்திறந்து சொல்லும்வரை, எத்துணை நேரமாயினும், ஏனையோர் காத்திருப்பாராக.